ஆறாவது இன்ஜினுக்கு ஒரு இடம்

அத்தியாயம் 7

நான்கு மணிக்குத் துளசியைப் போலீசில் ஒப்படைப்பது என்று முடிவாகியிருந்தது. இப்போது மணி இரண்டு பத்து.

அவள் ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது. அழுது முடித்துவிட்ட முகம். அவளுடைய கைப்பேசி ஒரு பழுப்பு உறைக்குள் ஒட்டப்பட்டு முதலாளியின் மேசைமேல் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

“நான் எடுக்கல, அக்கா,” என்றாள், யாரும் கேட்காமலேயே.

புஷ்பவள்ளி தலையை மட்டும் அசைத்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒரு வங்கியின் காசாளர் கூண்டுக்குள் இருந்தவள் அவள். கூண்டுக்கு வெளியே நின்ற யாருக்கும் அவள் முகம் எதையும் சொன்னதில்லை. கள்ள நோட்டுகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது.

அவளுடைய உதவியாளன் சாதிக்கின் வாய்க்கு அப்படி ஒரு கூண்டு கிடையாது.

“ரெண்டு மணி நேரம்கூட இல்லலா, அக்கா. எங்க வீட்டுல ஒரு பிரியாணிக்குத் தம் போடவே பத்தாது.”

“பேசாம படத்தைப் பாரு.”

பினாங்கின் டத்தோ கிராமாட் சாலையில், ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது பிச்சைமுத்துவின் சித்திரக்கூடம். உலகத்தில் சில நாடுகளுக்குச் சொந்தமாக நோட்டு வரைய ஆள் இல்லை. அவை பிச்சைமுத்துவைத் தேடி வரும். இந்த முறை வந்தது மரிந்தா என்ற தீவு நாடு. ஒன்று, ஐந்து, பத்து, இருபது, ஐம்பது என்று ஐந்து புது நோட்டு. ஒவ்வொன்றிலும் அந்தத் தீவில் ஓடிய ஒரு ரயில் இன்ஜின். முதல் பட்டியலில் ஆறு இன்ஜின்கள் இருந்தன. மூன்று மாதம் வாதாடி ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அறிவிக்கும் நாள் வரை அது ரகசியம்.

இன்று காலை ஏழேகாலுக்கு அந்த ஐந்தும் நோட்டு சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்துவிட்டன.

“ஒப்பந்தத்துல பதினோராவது விதி,” என்றார் பிச்சைமுத்து. அறுபது வயது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்களைத் தேய்த்தார். “தேர்வு வெளியே போச்சுன்னா அந்தத் தேர்வு செல்லாது. ஆறு இன்ஜினையும் மறுபடி மேசையில போட்டு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். யாரு கசிய விட்டதுன்னு பேரு குடுக்கணும். நாலு மணிக்கு அவங்க வங்கியோட ஆளு அமீரா வர்றாங்க. நான் பேரு குடுத்தாகணும்.”

“பேரு ஏற்கெனவே கையில வெச்சிருக்கீங்களே. அப்புறம் என்னை ஏன் கூப்பிட்டீங்க?”

அவர் துளசியைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“அஞ்சு வருஷமா இந்தப் புள்ளயோட வேலை செய்றேன், மேடம். மனசு கேக்கல.”

“மனசு கேக்கலன்னு சொன்னா அமீரா கேப்பாங்களா, பிச்சை?” அறையின் மறுகோடியில் இருந்து ஒரு குரல் வந்தது. யுகேந்திரன். மரிந்தாவில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். அந்தத் தீவின் ரயில் பாதையைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆறு இன்ஜின்களின் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்த ஆலோசகரும் அவர்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். “எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா கதவு பொய் சொல்லாதுங்களே.”

கதவில் விரல் ரேகைப் பூட்டு இருந்தது. நேற்று ஆயுத பூஜை. மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். பிச்சைமுத்து, யுகேந்திரன், துளசி. பூஜை முடிந்து ஒரு மணிக்குப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு கதவைத் திறந்தது ஒரே ஒரு விரல். இன்று விஜயதசமி காலை, ஆறு நாற்பது. துளசியின் விரல்.

“சுண்டல் வெச்சிருந்த தூக்குச் சட்டியை மேசையிலயே விட்டுட்டேன், அக்கா. பக்கத்துல நோட்டுத் தாளு. எறும்பு வந்துடுமேன்னு பைராம் தோட்டத்து வீட்டுல இருந்து அடிச்சுப் பிடிச்சு வந்தேன்.”

“எறும்பு வந்துச்சா?” என்றான் சாதிக்.

“வரல.”

“வந்திருந்தா சாட்சியாவது கெடச்சிருக்கும்.”

துளசி சிரிக்கவில்லை.

புஷ்பவள்ளி குழுவில் வந்த படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தாள். இதே மேசைதான். ஐந்து மாதிரித் தாள்கள் வரிசையாக விரிக்கப்பட்டிருந்தன. முதலில் ஐந்து, அடுத்து இருபது. ஒரு கை அகலத்துக்கு வெறும் மேசை. பிறகு ஒன்று, பத்து, ஐம்பது. தாள் சுருளாமல் இருக்க ஓரங்களில் நான்கு பித்தளைக் குண்டுகள். குண்டுகளின் தலையில் மஞ்சளாகச் சந்தனப் பொட்டு.

“அவசரம்,” என்றார் பிச்சைமுத்து. “கண்டபடி விரிச்சிருக்கு. ஆனா அந்தப் பொட்டைப் பாருங்க. பூஜைக்கு முன்னால குண்டுல பொட்டு கெடையாது. அப்ப பூஜைக்குப் பிறகு எடுத்த படம். பூஜைக்குப் பிறகு உள்ள வந்தது…”

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

துளசி அப்போதுதான் படத்தைப் பார்த்தாள். பொட்டைக் கண்டதும் அவள் உதடு வெளுத்தது. அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

சாதிக் மேசையருகே போய் நின்றான். பூஜையில் வைத்த பொருள்கள் இன்னும் அங்கேதான் இருந்தன. செப்புத் தகட்டில் கோடு கீறும் உளிகள், பூதக்கண்ணாடி, நான்கு குண்டுகள். ஒரு குண்டைக் குனிந்து பார்த்தான்.

“அக்கா, உங்க பிரிண்டர்ல சிவப்பு மை தீந்துபோச்சா?”

“ஏன்?”

“இதுல மஞ்சளுக்கு நடுவுல சிவப்பு இருக்கு. படத்துல வெறும் மஞ்சள்தான் இருக்கு.”

புஷ்பவள்ளி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஐம்பது நோட்டில் இருந்த டீசல் இன்ஜினைப் பார்த்தாள். ரத்தச் சிவப்பில் பளிச்சென்று இருந்தது. மை தீரவில்லை.

கூண்டில் இருந்த காலத்தில் அவள் நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. எது இல்லை என்றுதான் பார்ப்பாள்.

“சார்,” என்றாள் பிச்சைமுத்துவிடம். குரல் மாறவில்லை. “நேத்து பூஜை எப்படி நடந்துச்சு? ஒன்னு விடாம சொல்லுங்க.”

“என்ன சொல்றது? பதினொன்னு பத்துக்குச் சாமி படத்தை எடுத்து வெச்சோம். குங்குமச் சிமிழைத் திறந்தா காலி. துளசியை லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பினேன். அவ போனப்புறம்தான் யுகேன் சந்தனத்தையே கரைச்சாரு. எனக்குப் பூக்காரன் போன் பண்ணான், மோட்டார் சைக்கிளை எங்க நிறுத்தறதுன்னு தெரியலன்னு. கீழ போனேன். மாலை வாங்கிட்டு மேல வந்தா எல்லாத்துக்கும் சந்தனம் வெச்சு முடிச்சிருந்தாரு. துளசி வந்தா, குங்குமம் வெச்சா. சூடம் காட்டினோம்.”

“குங்குமத்தை யாரு வெச்சது?”

“நான்தான், அக்கா,” என்றாள் துளசி. “வந்ததும் வெச்சேன். ரெண்டு பேரும் பக்கத்துல நின்னாங்க.”

புஷ்பவள்ளி கைப்பையை எடுத்தாள். கதவருகே போனவள் திரும்பினாள்.

“போறதுக்கு முன்னால ஒரு சின்ன வேலை. அமீரா வரும்போது தாள் எல்லாம் ஒழுங்கா இருக்கணும் இல்லையா? ஒருத்தர் ஒருத்தரா வரிசையா வெச்சுக் காட்டுங்க. எது பார்க்க நல்லா இருக்குன்னு சொல்றேன்.”

“இப்ப இது ரொம்ப முக்கியமா?” என்றார் யுகேந்திரன்.

“என் திருப்திக்கு.”

துளசி முதலில் வந்தாள். ஒன்று, ஐந்து, பத்து, இருபது, ஐம்பது என்று வைத்தாள். புஷ்பவள்ளி கலைத்தாள். பிச்சைமுத்து வைத்தார். அதே ஒன்று, ஐந்து, பத்து. மறுபடி கலைத்தாள்.

யுகேந்திரன் லேசாகச் சிரித்தார். “நோட்டு வரையறவங்களுக்கு மதிப்புதான் கண்ணுக்குத் தெரியும்,” என்று தாள்களைக் கையில் எடுத்தார். மளமளவென்று வைத்தார். வைத்துவிட்டு விலகி நின்றார்.

புஷ்பவள்ளி ஒரு விநாடி பார்த்தாள்.

“அழகா இருக்கு, சார். யாரும் கலைக்காதீங்க. மூணரைக்குள்ள வந்துடறேன்.”

படிக்கட்டில் இறங்கும்போது சாதிக் கேட்டான். “எங்கக்கா போறோம்?”

“குங்குமம் வாங்க.”

“கேஸை விட்டுட்டுக் கோயிலுக்கா?”

“காடியை எடு.”

சாதிக்கின் காடி ஜுருவில் நாலாவது கையாக வாங்கிய பழைய கார். முதல் மூன்று முதலாளிகளின் கோபமும் அதன் கியரில் இருந்தது. லிட்டில் இந்தியாவில் நிறுத்த இடமில்லை. ஒரு லாரிக்குப் பின்னால் காடியை அரைகுறையாகச் சொருகிவிட்டு, “அபராதம் வந்தா கேஸ் செலவுல எழுதிடுங்க,” என்று அவள் பின்னால் ஓடினான்.

பூஜைச் சாமான் கடையில் ரொஸ்னா இருந்தாள். இந்தோனேசியாவில் இருந்து வந்து பத்து வருஷமாக அங்கே வேலை. கற்பூரத்தில் நல்லது எது, கலப்படம் எது என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவாள். தமிழும் அதே சரளமாகப் பேசுவாள்.

புஷ்பவள்ளி துளசியின் படத்தைக் காட்டினாள்.

“இந்தப் பொண்ணா? ஐயோ, மறப்பேனா?” ரொஸ்னா கல்லாவுக்கு அடியில் இருந்து ஒரு முக்காட்டுத் துணியை உருவினாள். வெளிர்நீலத் துணி. ஓரத்தில் பெரிய சிவப்புக் கறை. “ஹெல்மெட்கூட கழட்டாம வந்து, டப்பாவைத் தட்டி விட்டா. ரெண்டு தடவை துவைச்சேன், போகல. பாவம், நூறு தடவ சாரி சொல்லுச்சு. முதலாளி காத்துக்கிட்டு இருக்காங்கன்னு ஓடுச்சு.”

“எத்தனை மணிக்கு?”

“கூட்டத்துல மணி யாரு பார்த்தா?” ரொஸ்னா கடைக் கைப்பேசியை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனாள். “போன்லதான் காசு குடுத்துச்சு… இதோ.”

துளசியின் பெயர். நேற்றைய தேதி. பதினொன்று இருபத்தாறு.

சாதிக் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். “பதினொன்னு பத்துக்குக் கிளம்பி, இருபத்தாறுக்கு இங்க. கூட்டத்துல திரும்பிப் போக எப்படியும் பதினொன்னே முக்கால். சரி. அதனால என்னக்கா? படம் எடுத்தது இன்னிக்குக் காலையில இல்லையா?”

“இல்ல,” என்றாள் புஷ்பவள்ளி. “போற வழியில சொல்றேன். வேகமா ஓட்டு.”

வேகமாக ஓட்ட முடியவில்லை. ஒரு சுற்றுலா பஸ் தெருவை அடைத்துக்கொண்டு திரும்பியது. சாதிக் ஹாரனை அடித்தான். முன்னால் மூன்று சக்கர ரிக்‌ஷாவான திரிஷாவை ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, இன்னும் மெதுவாக மிதித்தார். மூன்று பதினைந்து. மூன்று இருபத்தைந்து. புஷ்பவள்ளி மடியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டை இப்போது பார்க்கவில்லை. இருபதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருந்த வெறும் மேசையைப் பார்த்தாள்.

அவர்கள் மாடியேறியபோது மணி மூன்று நாற்பத்தைந்து. பிச்சைமுத்து எதிரில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. அமீராவுக்கான கடிதம். பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

“எழுதட்டுமா, மேடம்?”

“எழுதலாம். ஆனா துளசி பேரை எழுத முடியாது.”

துளசி நிமிர்ந்தாள்.

புஷ்பவள்ளி படத்தை மேசையில் விரித்து, ஒரு குண்டை அதன் பக்கத்தில் வைத்தாள். “சந்தனம் முதல்ல, அது மேல குங்குமம். எல்லா வீட்டுலயும் அதுதான் வழக்கம். இந்தக் குண்டுல ரெண்டும் இருக்கு. படத்துல சந்தனம் மட்டும்தான். அதுவும் ஈரச் சந்தனம், மினுமினுன்னு இருக்கு. இங்க இருக்கறது காஞ்சு வெடிச்சுப் போச்சு.”

“ராத்திரியில குங்குமம் உதிர்ந்திருக்கும்,” என்றார் யுகேந்திரன்.

“நாலு குண்டுலயுமா? உதிர்ந்த குங்குமம் மத்தியானத்துக்குள்ள திரும்பி வந்து ஒட்டிக்கிச்சா, சார்?”

சாதிக் சேர்ந்துகொண்டான். “அவ்வளவு பக்தி உள்ள குங்குமம் எந்தக் கடையிலயும் கிடைக்காதுலா.”

“படம் இன்னிக்குக் காலையில எடுத்தது இல்ல,” என்றாள் புஷ்பவள்ளி. “நேத்து. சந்தனம் வெச்சதுக்கும் குங்குமம் வெச்சதுக்கும் நடுவுல. அந்த நேரத்துல துளசி லிட்டில் இந்தியாவுல, ரொஸ்னாவோட முக்காட்டுல குங்குமத்தைக் கொட்டிக்கிட்டு இருந்தா. கடையில கணக்கு இருக்கு. கறையும் இருக்கு. குங்குமம் இல்லாம எடுத்த படத்தை, குங்குமம் வாங்கப் போனவ எப்படி எடுத்திருப்பா?”

துளசியின் கை தானாக எழுந்து அவள் வாயைப் பொத்தியது.

பிச்சைமுத்து பேனாவை மெல்லக் கீழே வைத்தார். “அப்ப… இங்க இருந்தது ரெண்டு பேரு.”

“ரெண்டு பேரு,” என்றார் யுகேந்திரன். குரல் இன்னும் மெல்லியதுதான். ஆனால் வார்த்தைகள் வேகமாக வந்தன. “நீயும் நானும். சந்தனம் நான் வெச்சேன், மறுக்கல. ஆனா பூ வாங்கிட்டு நீ எப்ப மேல வந்தேன்னு உனக்குத்தான் தெரியும். நான் முகம் கழுவப் பின்பக்கம் போயிருந்தேன். இந்தக் கூடம் உன்னுது, தாள் உன்னுது. என் மேல மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?”

பிச்சைமுத்துவின் முகம் கறுத்தது. “முப்பது வருஷப் பழக்கம், யுகேன். என்னையா சொல்றே?”

மணி மூன்று ஐம்பத்தைந்து. கீழே ஒரு காடி வந்து நிற்கும் சத்தம்.

“சண்டை வேண்டாம்,” என்றாள் புஷ்பவள்ளி. “மேசையைப் பாருங்க. நான் போகும்போது யாரும் கலைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேன்.”

மூன்று பேரும் பார்த்தார்கள். யுகேந்திரன் வைத்த தாள்கள் வைத்தபடியே இருந்தன. அவள் அச்செடுத்த படத்தை அவற்றுக்கு நேர் கீழே நகர்த்தினாள்.

ஐந்து, இருபது, ஒன்று, பத்து, ஐம்பது.

கீழேயும் ஐந்து, இருபது, ஒன்று, பத்து, ஐம்பது.

“கண்டபடி வெச்சதுன்னு சொன்னீங்க, பிச்சைமுத்து சார். கண்டபடி இல்ல. ஒவ்வொரு தாளோட கீழ் ஓரத்துலயும் சின்ன எழுத்துல இன்ஜின் கட்டின வருஷம் இருக்கு. வாசிங்க.”

துளசி குனிந்தாள். அவள் வரைந்த எழுத்துகள்தான். ஒவ்வொன்றாக வாசித்தாள். “ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தாறு. தொண்ணூத்தொம்பது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலு. ஐம்பத்தேழு. எழுபத்தொன்னு.” நிமிர்ந்தாள். “வயசு வரிசை.”

“நோட்டு வேலை செய்றவங்க மதிப்புப்படி வெச்சீங்க. ரயிலோட வளர்ந்தவர் வயசுப்படி வெச்சாரு.”

“ரயில் தெரிஞ்ச எவனும் அப்படித்தான் வெப்பான்,” என்றார் யுகேந்திரன். நெற்றியில் வியர்வை. “அது ஒரு சாட்சியா?”

“அது மட்டும்னா இல்ல.” புஷ்பவள்ளி ஒரு விரலை மேசையில் வைத்தாள். இருபதுக்கும் ஒன்றுக்கும் நடுவில். ஒரு கை அகல இடம். படத்திலும் அதே இடம், அதே அகலம். “நேத்தும் இடம் விட்டிருக்கீங்க. இன்னிக்கும் விட்டிருக்கீங்க. தொண்ணூத்தொம்பதுக்கும் முப்பத்து நாலுக்கும் நடுவுல எந்த இன்ஜின், சார்?”

யுகேந்திரன் தன் கையைப் பார்த்தார். அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்தார்.

பதில் பிச்சைமுத்துவிடம் இருந்து வந்தது. “ஆறாவது. இருபத்தொன்னுல கட்டினது. கரும்பு இழுத்த இன்ஜின். அழகு பத்தாதுன்னு அவங்க தள்ளிட்டாங்க.”

“அழகு,” என்றார் யுகேந்திரன். அந்த ஒரு வார்த்தையில் மெல்லிய குரல் உடைந்தது. “கவர்னர் வருஷத்துல ரெண்டு தடவை ஏறின இன்ஜின் இருபது வெள்ளி நோட்டுல போகுது. எங்கப்பா பத்தொம்பது வருஷம் கரி அள்ளிப் போட்ட இன்ஜினுக்கு அழகு பத்தல. அந்தத் தீவு சாப்பிட்ட அரிசி எல்லாம் அது இழுத்த கரும்புல வந்தது. தேர்வு ரத்தானா மறுபடி ஒரு தடவை பேசலாம்னு… அவ்வளவுதான். காலையில அனுப்பினேன். இந்தப் புள்ள ஆறு நாப்பதுக்கு வந்து கதவைத் திறக்கும்னு நான் கனவா கண்டேன்?”

“கனவு காணல, சார்,” என்றாள் துளசி. அவள் பேசுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. “ஆனா காலையில எட்டு மணியில இருந்து நான் இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து அழுதேன். நீங்க எதிர்ல உட்கார்ந்து தே ஓ டீ குடிச்சீங்க. ரெண்டு கப்.”

அவர் தாள்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படிகளில் காலடிச் சத்தம். சாதிக் பிச்சைமுத்துவின் மேசைக்குப் போய், பழுப்பு உறையைக் கிழித்து, கைப்பேசியைத் துளசியின் கையில் கொடுத்தான். “நாப்பத்தொரு தடவை போன் வந்திருக்கு, தங்கச்சி. எல்லாம் அம்மா. முதல்ல அதுக்குப் பதில் சொல்லு. மத்ததை இவங்க பார்த்துக்குவாங்க.”

கதவு திறந்தது. சாம்பல் நிற பாஜு கூரோங் உடை, தோளில் கனமான பை. அமீரா யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக மேசைக்கு வந்தாள். ஐந்து தாள்களையும் இடமிருந்து வலமாகப் பார்த்தாள். பார்வை இரண்டாவது தாளுக்கு அப்பால் நின்றது.

“நடுவில் ஒன்று குறைகிறதே?” என்று மலாய் மொழியில் கேட்டாள். “இங்கே என்ன இருந்தது?”

பிச்சைமுத்து வாயெடுத்தார். புஷ்பவள்ளி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

யுகேந்திரன் வெள்ளைச் சட்டைப் பைக்குள் இருந்து, நேற்றுப் படம் பிடித்த தன் கைப்பேசியை எடுத்தார். சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். பிறகு குனிந்து, இருபதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் அவர் விட்டிருந்த அந்த இடத்தில், தாள்களுக்கு நேராக, கோணாமல் வைத்தார்.